டிலே கருவியின் எண்களை உங்கள் பாட்டிலிருந்து எடுங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் சிறிய ஒலிப்பதிவு அறை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆடி மாதத்துக்கான அம்மன் பாடல்களும் கூத்துப் பாடல்களும் பதிவு செய்கிறாராம். ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் பழைய டிஜிட்டல் டிலே கருவி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நேரம், ஃபீட்பேக், மாடுலேஷன், ஃபில்டர் ஆகியவற்றுக்குக் குமிழ்கள், ஃபேஸைத் திருப்பிப் போட, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்க, ஒரு பட்டன், பிடித்து வைக்க ஒரு ஹோல்ட் பட்டன். "குரலுக்கு எக்கோ போடுவதைத் தவிர இதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. புதுவிதமான ஒலிகளை இதில் எப்படி உருவாக்குவது?" என்பது கேள்வி.

நல்ல கேள்வி, தம்பி. எடுத்த எடுப்பிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். யாரோ போட்டுவைத்த அட்டவணையைப் பார்த்து இந்தக் குமிழ்களைத் திருகாதீர்கள். டிலே நேரத்தில் சின்ன எண்களைச் சுருதியிலிருந்து எடுங்கள், பெரிய எண்களை நடையிலிருந்து எடுங்கள், இடைப்பட்டவற்றைத் தூரத்திலிருந்து எடுங்கள். நம் இசைக்கு இந்தக் கருவி இவ்வளவு பொருந்திவரும் என்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

உள்ளே நடப்பது மிக எளிமையானது. வரும் ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் எண்களாக மாற்றி, வட்டமாகச் சுற்றிவரும் ஒரு நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகிறது கருவி. இன்றைய கருவிகளில் இது பெரும்பாலும் விநாடிக்கு 48,000 எண்கள். எழுதும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று இன்னொரு முனை படித்துக்கொண்டே வருகிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் டிலே நேரம். படித்ததில் ஒரு பங்கை எடுத்து மறுபடி எழுதும் முனைக்கே அனுப்பினால் அது ஃபீட்பேக். மற்றதெல்லாம் இந்த இரண்டின் விளையாட்டு. இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் காது அதைத் தனி ஒலியாகக் கேட்காது, நாதத்தின் நிறம் மாறியதாகக் கேட்கும். சுமார் 30, 40 மில்லி விநாடி வரைக்கும் பேச்சின் பிரதி மூல ஒலியோடு ஒட்டிக்கொள்ளும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை விரிவாக ஆராய்ந்தார். அதற்கு மேலே போகப் போகப் பிரதி பிரிந்து, 100 மில்லி விநாடி வாக்கில் தெளிவான எதிரொலியாகிவிடும். நீங்கள் இதுவரை புழங்கியது இந்தக் கடைசிப் பகுதியில் மட்டும்தான்.

சுருதியிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. டிலேயைச் சில மில்லி விநாடிகளுக்குக் குறைத்து ஃபீட்பேக்கை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றிப் பாருங்கள். கருவி பாட ஆரம்பிக்கும். ஒலி அந்தச் சுற்றுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவதால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்துக்கு ஏற்ற ஸ்வரம் பிறக்கிறது. ஆயிரத்தை டிலே நேரத்தால் வகுத்தால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கிடைத்துவிடும். 5 மில்லி விநாடி என்றால் 200 ஹெர்ட்ஸ்.

இப்போது உங்கள் பாடகி ஐந்து கட்டையில் பாடுகிறார் என்று வையுங்கள். அவருடைய மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். டிலேயை 5.1இல் வைத்தால் கருவி அதே ஸட்ஜத்தில் ஒலிக்கும். இன்னொரு டிலே இருந்தால் அதை 3.4இல் வையுங்கள். 5.1க்கும் 3.4க்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு இரண்டு. அதாவது இரண்டாவது கருவி சுத்தமான பஞ்சமத்தில் நிற்கும். இரண்டையும் சேர்த்து ஓட விட்டு, உடுக்கையின் ஒரு தட்டை மட்டும் உள்ளே அனுப்புங்கள். தோலின் அதிர்ச்சி முடிந்த இடத்திலிருந்து ஸட்ஜமும் பஞ்சமமும் தம்புரா போல எழுந்து மெல்ல அடங்கும். உடுக்கையில் ஸ்வரமே இல்லாத அந்த முதல் 'டப்' சத்தம்தான் இங்கே தந்தியை மீட்டும் விரல். 1983இல் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் வெளியிட்ட தந்தி ஒலி முறையின் அடிப்படையும் இதுவேதான்: ஒரு துளி இரைச்சல், ஒரு குறுகிய டிலே, சுற்றுக்குள் மேல் ஒலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும் ஒரு ஃபில்டர். உங்கள் கருவியில் இந்த மூன்றும் இருக்கின்றன.

எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை ஃபீட்பேக் தீர்மானிக்கும். 5.1 மில்லி விநாடியில் ஃபீட்பேக் 95 சதவீதம் என்றால் ஒலி 60 டெசிபல் இறங்க முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். 99 சதவீதம் என்றால் மூன்றரை விநாடி. குமிழை நூல் அளவு நகர்த்துவதற்குள் இவ்வளவு வித்தியாசம். அதனால் மிக மெதுவாகத் திருகுங்கள். நூறைத் தொட்டுவிட்டால் ஒலி அடங்காது, தாண்டினால் வளர்ந்துகொண்டே போகும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கரில் குறைந்த ஒலியில், கடைசியில் ஒலியை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத ஒரு லிமிட்டரைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். செவி போனால் திரும்ப வராது.

இரண்டு நுணுக்கங்கள் இதில் உண்டு. ஃபீட்பேக் சுற்றில் ஃபில்டர் போட்டால் அதுவும் தன் பங்குக்குச் சிறிது தாமதப்படுத்தும், சுருதி ஒரு மயிரிழை இறங்கும். ஆகவே கணக்கில் வந்த எண்ணோடு நின்றுவிடாமல், சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் ஒலிக்கவிட்டு, இரண்டும் உரசும் அலை நிற்கும்வரை நேரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சரிசெய்யுங்கள். மற்றொன்று, உங்கள் கருவி நேரத்தை முழு மில்லி விநாடிகளில் மட்டுமே மாற்றவிட்டால் இந்த வேலைக்கு ஒத்துவராது. 5 என்று வைத்தால் 200 ஹெர்ட்ஸ் வரும், அது ஐந்து கட்டைக்குக் கால் ஸ்வரத்துக்கும் மேலே ஏறி நிற்கும், கேட்கச் சகிக்காது. பத்தில் ஒரு பங்காவது நகர்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஃபேஸ் பட்டனைப் பற்றிப் பலர் கேட்டதே இல்லை. 5.1இல் நிற்கும் கருவியின் ஃபீட்பேக்கை அந்தப் பட்டனால் தலைகீழாக்கினால், ஸட்ஜம் ஒரு ஸ்தாயி இறங்கி 98 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அதோடு ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே ஒலிக்கும்: 98, 294, 490. மந்த்ர ஸட்ஜம், மத்திய ஸ்தாயிப் பஞ்சமம், மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியில் இருக்கும் அந்த உள்ளீடற்ற, மரக்குழாய் நாதம் இப்படித்தான் பிறக்கிறது. மாரியம்மன் தாலாட்டுக்கு அடியில் இதை மெலிதாக ஓடவிட்டால் தனியாக ஹார்மோனியம் தேவைப்படாது.

நீங்கள் அம்மாப்பேட்டைக்காரர் என்பதால் இன்னொரு யோசனை. தறி ஓசையைப் பதிவு செய்யுங்கள். ஊடு நூலைச் சுமந்து ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் அந்தக் கூர்மையான மோதலைப் போல இந்தச் சுருதி டிலேக்குப் பொருத்தமான தீனி கிடைப்பது அரிது. உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, மைக்கைத் தறியிலிருந்து ஒரு கை நீளத்தில், காற்று படாத பக்கமாக வையுங்கள். பதிவான ஓசையின் அடிப்பகுதி உறுமலை, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, நீக்கிவிட்டு உள்ளே அனுப்புங்கள். ஒவ்வொரு அடியும் ஸட்ஜத்தில் ஒலிக்கும் தறி கிடைக்கும். நெசவாளர் குடும்பத்தைப் பற்றிய கூத்துக் காட்சிக்கோ ஆவணப் படத்துக்கோ பின்னணி இசையே இதுதான் என்று சொல்லுமளவுக்கு இருக்கும்.

சில மில்லி விநாடி டிலேயை ஃபீட்பேக் குறைத்து, டிலே நேரத்தைத் தானாக ஏற்றி இறக்கும் மாடுலேஷனை மிக மெதுவாக ஓடவிட்டால் ஃப்ளேஞ்சர் என்ற அலையும் ஒலி. 20 மில்லி விநாடிக்குப் பக்கத்தில், ஃபீட்பேக் இல்லாமல் ஓடவிட்டால் பலர் சேர்ந்து பாடுவதுபோன்ற கோரஸ். இவை எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன, நான் நீட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். குரலை இரட்டிப்பாக்க இடது பக்கம் மூலமும் வலது பக்கம் 25 மில்லி விநாடி தள்ளிய பிரதியுமாக வைப்பார்கள். ஹெட்ஃபோனில் அற்புதமாக விரியும். ஆனால் உங்கள் பாடல்கள் ஒலிக்கப்போவது எங்கே? சேலத்தின் குகைப் பகுதியிலும் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றியும் தெருவுக்குத் தெரு கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளில். அங்கே இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே கம்பியில் கலந்துவிடும். கலந்ததும் பிரதியும் மூலமும் சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று தின்றுவிடும். எளிய உதாரணமாக, 1 மில்லி விநாடித் தாமதம் என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். அதில் பின்னிரண்டும் சொற்கள் விளங்கும் பகுதியிலேயே விழுகின்றன. எனவே கலவை முடிந்ததும் இடது வலதை ஒன்றாக்கி மோனோவில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பிரதியின் அளவை மூலத்தைவிட 8 டெசிபலாவது தாழ்த்தினால் பள்ளங்கள் ஆழம் குறைந்துவிடும்.

கூம்பு ஒலிபெருக்கி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய இடங்களில் தள்ளி வைத்த ஒலிபெருக்கிகளை மேடையோடு ஒத்திசைய வைப்பது டிஜிட்டல் டிலேயின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. 1971இல் லெக்சிகான் நிறுவனம் டெல்டா டி-101 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இந்தப் பயன்பாடு உண்டு. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் ஒலிபெருக்கிக்கு ஒலி காற்றில் வந்துசேர, 30 டிகிரி வெப்பத்தில், 286 மில்லி விநாடி ஆகும். அவ்வளவு தாமதத்தையும் அதற்கு மேல் ஒரு 10 அல்லது 15ஐயும் கொடுத்தால், பக்கத்திலிருக்கும் ஒலிபெருக்கி முழங்கினாலும் ஒலி மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். ஹாஸ் ஆராய்ந்தது இதைத்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் கற்பனைக்கு வழி பிறக்கிறது. தூரம் நேரமாகுமென்றால் நேரமும் தூரமாகும். சேர்வராயன் மலையில் ஒரு பாறை முகத்துக்கு எதிரே 85 மீட்டரில் நின்று கை தட்டினால் ஒலி போய்வர ஏறக்குறைய அரை விநாடி. ஏற்காட்டின் 18 டிகிரி குளிரில் ஒலி விநாடிக்கு 342 மீட்டர் ஓடுகிறது. கோடையில் 38 டிகிரியில் கொதிக்கும் சேலத்தில் 354 மீட்டர். அவ்வளவு துல்லியம் பாட்டுக்குத் தேவையில்லை, ஆனாலும் ஒரு மலைக்காட்சிக்கான எதிரொலியை அமைக்கும்போது எனக்கு இந்த எண்கள் கூடவே நிற்பது பிடிக்கும்.

மலை எதிரொலியைப் பலரும் தவறாகவே செய்கிறார்கள். ஃபீட்பேக்கை ஏற்றி, 'முருகா... முருகா... முருகா' என்று ஒரே இடைவெளியில் தேய்ந்துபோக விடுகிறார்கள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவது எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களின் அடையாளம். மலையில் ஒவ்வொரு எதிரொலியும் வேறொரு சரிவிலிருந்து வருகிறது. ஆகவே ஃபீட்பேக்கை முழுவதும் மூடிவிடுங்கள். 430, 610, 970 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று நேரங்களில் மூன்று பிரதிகள் வையுங்கள். உங்கள் கருவியில் ஒரே ஒரு பிரதிதான் வருமென்றால் மூன்று முறை ஓட்டித் தனித்தனி டிராக்கில் பதிவு செய்துகொள்ளலாம். முதல் பிரதி இடப்பக்கம் சாய்ந்து, மூலத்தைவிட 12 டெசிபல் தாழ்ந்து. இரண்டாவது வலப்பக்கம், இன்னும் தாழ்ந்து. மூன்றாவது நடுவுக்குப் பக்கத்தில், கேட்டதா கேட்கவில்லையா என்ற அளவில். காற்று மேல் அலைவரிசைகளை முதலில் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொன்றிலும் 3,000, 2,500, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் படிப்படியாக வெட்டுங்கள். 300க்குக் கீழே உள்ளதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குரலின் அடிப்பகுதி சேறாகிவிடும்.

பொருந்தாத எண்கள் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் டிலேக்களை அடுக்கி ரிவெர்ப், அதாவது கூடத்தின் முழக்கம், உருவாக்கும் வழியைக் காட்டினார். அந்த வழியிலும் டிலே நேரங்கள் ஒன்றுக்கொன்று மடங்காக இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் உலோகச் சத்தம் வராமல் காக்கும் வழி.

கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்கும் காட்சி உங்கள் நாடகத்தில் வந்தால் இன்னும் எளிது. ஏற்காடு மலைப்பாதையில் அப்படி இருபது வளைவுகள் இருக்கின்றன, காதைத் தீட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாலே போதும். ஒரு பக்கம் பாறை வெட்டு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. பாறை 6 மீட்டரில் இருந்தால் ஹாரன் 35 மில்லி விநாடியில் திரும்பிவிடும். பள்ளத்தாக்குப் பக்கம் போன ஒலி திரும்புவதே இல்லை. ஒரு பக்கம் மட்டும் 35 மில்லி விநாடிப் பிரதி, மறுபக்கம் வெறுமை. வளைவு திரும்பும்போது இரண்டையும் இடம் மாற்றுங்கள். இடைவெளியை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் பிரதியின் சுருதி சற்று இறங்கும், குறைத்துக்கொண்டே வந்தால் ஏறும். விலகிப்போகும் வண்டியின் ஹாரன் இறங்கிக் கேட்பதும் இதே கணக்குதான்.

இதை வைத்தே நேரக் குமிழைக் கையால் வாசிக்கலாம். கூத்தில் அரக்கன் வருகையில் கட்டியங்காரனின் கடைசிச் சொல்லை உள்ளே வாங்கிக்கொண்டு, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே குமிழை மெல்லத் திருகிப் பாருங்கள். பழைய கருவிகள் சிலவற்றில் நினைவகத்தின் ஓட்ட வேகமே மாறும். அவற்றில் நேரத்தை இரட்டிப்பாக்கினால் உள்ளே இருக்கும் ஒலி ஒரு ஸ்தாயி கீழே சறுக்கும், கரகரப்பும் கூடும். அந்தக் கரகரப்பு அரக்கனுக்குப் பொருந்தும். சில கருவிகளில் நேரம் மாறும்போது சறுக்காமல் 'டக்' என்று தாவும். உங்களுடையது எந்த வகை என்று திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி நடை. நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 750 மில்லி விநாடி. தட்டை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் ஒரு பங்கு, நான் இங்கே அட்சரம் என்பது, 187.5. மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்தில் 250, ஐந்தாகப் பிரிக்கும் கண்டத்தில் 150. 375இல் வைத்து எல்லாப் பாட்டுக்கும் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. அது தாளத்தோடு ஒட்டி ஓடும், அவ்வளவுதான், சுவாரஸ்யம் இல்லை. சதுஸ்ரத்தில் மூன்று அட்சரத் தாமதம், 562.5, வைத்துப் பாருங்கள். பம்பைக்காரர் நான்கு நான்காக அடிக்கும் ஒவ்வோர் அடியும் மூன்று அட்சரம் தள்ளி விழுந்து, அடிகளுக்கு நடுவே இருந்த இடத்தை நிரப்பும். ஐந்து அட்சரத் தாமதம், 937.5, இன்னும் சுவையானது. ஒரு தட்டுக்கு மேல் ஓர் அட்சரம் கூடுதல் என்பதால் ஒவ்வொரு மறுபிரதியும் தட்டிலிருந்து ஓர் அட்சரம் நகர்ந்துகொண்டே போய், நான்காவது பிரதி மறுபடி தட்டில் வந்து விழும். தனியொருவர் வாசிக்கும்போது எதிரே ஒருவர் கண்டக் கணக்கில் பதில் சொல்வதுபோல இருக்கும். ஃபீட்பேக் 60 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். வாசிப்பவரும் இடம் விட்டு வாசிக்க வேண்டும். நிறைய அடித்தால் எல்லாம் கூட்டநெரிசலாகிவிடும். கலைஞருக்கு டிலேயை ஹெட்ஃபோனில் கேட்கவைத்துப் பதிவு செய்வதே சிறந்தது. நல்ல பம்பைக் கலைஞர் சிறிது நேரத்திலேயே அந்தப் பிரதியோடு பேச ஆரம்பித்துவிடுவார். பின்னால் கணினியில் ஒட்டவைத்த டிலேயில் அந்த உரையாடல் ஒருபோதும் வராது.

ஆனால் சாமி வரவழைக்கும் அடிக்கு இதைத் தொடாதீர்கள். அங்கே வேகம் ஏறிக்கொண்டே போகும், நிலையான எண் எதுவும் அதைத் துரத்திப் பிடிக்காது, வாசிப்பவரையும் தடுக்கி விழவைக்கும். அந்த இடத்தில் மேலே சொன்ன சுருதி டிலே போதும், அதற்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை.

குரலுக்கு எக்கோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி முழுதும் போடாமல், கடைசிச் சொல்லுக்கு மட்டும் போடுங்கள். மிக்ஸரில் ஒலியின் ஒரு பங்கைத் தனியே பிரித்து அனுப்பும் ஆக்ஸ் வழியாக டிலேக்கு அனுப்பும் குமிழை மூடியே வைத்திருந்து, 'தாயே' என்ற சொல் வரும் கணத்தில் மட்டும் திறந்து மூடுங்கள். டிலே கருவியில் கலவை அளவு முழுக்கப் பிரதியாகவே இருக்கட்டும், மூல ஒலி மிக்ஸரிலிருந்து நேராக வரட்டும். சொற்கள் தெளிவாக நிற்கும், எதிரொலி இடைவெளியில் மட்டும் நிறையும். ஹோல்ட் பட்டனையும் இதே இடத்தில் பயன்படுத்தலாம். நீட்டிய 'ஏ' என்ற உயிரை ஒரு விநாடி அளவுக்குப் பிடித்து நிறுத்தினால், பாடகி அடுத்த அடியை அதன் மேலேயே பாடலாம். கமகம் இல்லாமல் நேராக நிற்கும் இடத்தில் பிடியுங்கள், இல்லையென்றால் சுற்று ஒட்டும் இடம் விக்கல் மாதிரிக் கேட்கும்.

இவற்றில் எதைச் செய்தாலும் மூல ஒலியை டிலே இல்லாமல் தனி டிராக்கிலும், டிலே ஒலியை இன்னொரு டிராக்கிலும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை, வேகம், டிலே நேரம், ஃபீட்பேக், ஃபில்டர் எண்களைப் பாட்டுத் தாளின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். பழைய கருவிகள் பலவற்றில் அமைப்புகளைச் சேமித்துவைக்க இடம் கிடையாது, மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். முதலில் உடுக்கையோடு 5.1ஐயும் 3.4ஐயும் வைத்துத் தொடங்குங்கள். பாடகியின் கட்டை வேறாக இருந்தால் அவருடைய ஸட்ஜத்தின் ஹெர்ட்ஸால் ஆயிரத்தை வகுத்து வருவது முதல் எண், அதில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டாவது எண்.